பழைய காருக்கு என்ன விலை கொடுக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐந்தாண்டு ஓடிய கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். விற்பவர் ஒரு விலை சொல்கிறார். விலையைக் கணித்துச் சொல்லும் இணையதளம் ஒன்று அதைவிடக் குறைவாகவும், இன்னொன்று அதைவிட அதிகமாகவும் காட்டுகின்றன. இவற்றில் எதைக் காரின் உண்மையான மதிப்பு என்று எடுத்துக்கொள்வது?

பதில்: மூன்றில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பவர் சொல்வது அவர் எதிர்பார்க்கும் தொகை. இணையதளம் காட்டுவது, நீங்கள் உள்ளிட்ட மாடல், ஆண்டு, கிலோமீட்டர் ஆகியவற்றுக்குப் பொருந்தும் கார்களின் சராசரி. அந்தக் காரின் கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது, கதவுக்கு அடியில் துரு ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் தளத்துக்குத் தெரியாது.

மேலும், ஒரே காருக்கு ஒரே நாளில் மூன்று விலைகள் இருக்க முடியும். உரிமையாளர் அதை ஒரு வியாபாரியிடம் கொடுத்தால் கிடைப்பது ஒரு விலை. அவரே நேரடியாக இன்னொருவருக்கு விற்றால் கிடைப்பது அதைவிட அதிகம். வியாபாரி அதைப் பழுதுபார்த்து, மெருகேற்றி, உத்தரவாதத்துடன் விற்கும்போது கேட்பது எல்லாவற்றிலும் அதிகம். இரண்டு தளங்கள் இரண்டு விலை காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: ஒன்று வியாபாரி வாங்கும் விலையையும் மற்றொன்று விற்கும் விலையையும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவில் பழைய கார் விலைக்கு நெடுங்காலமாக மேற்கோள் காட்டப்படும் 'கெல்லி புளூ புக்' 1926-இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கியபோது, அது லெஸ் கெல்லி என்ற கார் வியாபாரி தான் எந்தெந்தக் கார்களை என்ன விலைக்கு எடுத்துக்கொள்ளத் தயார் என்று வெளியிட்ட பட்டியலாகத்தான் இருந்தது. ஆகவே எந்த விலைப்பட்டியலைப் பார்த்தாலும், அது யார் யாருக்குக் கொடுக்கும் விலை என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அதே மாடல், அதே வேரியன்ட், அதே எரிபொருள், அதே வகை கியர், ஏறத்தாழ அதே வயது, அதே அளவு ஓட்டம் உள்ள கார்களின் விளம்பரங்களில் பத்துப் பன்னிரண்டைத் திரட்டிக் குறித்து வையுங்கள். வேரியன்டை விட்டுவிடக் கூடாது. அடிப்படை வேரியன்டுக்கும் உயர்ந்த வேரியன்டுக்கும் புதிதாக வாங்கும்போதே கணிசமான வேறுபாடு உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்போலத் தெரியும். பட்டியலில் மிக உயர்ந்த விலையையும் மிகத் தாழ்ந்த விலையையும் நீக்கிவிடுங்கள். மீதமுள்ளவற்றை இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மறுபடியும் பாருங்கள். அசையாமல் அங்கேயே நிற்கும் விளம்பரங்கள் யாரும் கொடுக்க விரும்பாத விலையைக் காட்டுகின்றன. விரைவில் மறைந்துபோனவை சந்தை ஏற்றுக்கொண்ட விலைக்கு அருகில் இருந்தவை. விளம்பர விலை என்பது பேரத்துக்கு இடம் வைத்துச் சொல்லப்படுவது என்பதால், கைமாறும் விலை அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். இப்படிக் கிடைப்பது ஒற்றை எண்ணாக இருக்காது; இதிலிருந்து இதுவரை என்ற ஒரு வரம்பாக இருக்கும். நீங்கள் பார்த்த கார் அந்த வரம்பின் மேல்முனையில் நிற்கிறதா, கீழ்முனையில் நிற்கிறதா என்பதைக் காரை நேரில் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

கேள்வி: ஆண்டுக்கு 15 சதவீதம் கழித்தால் பழைய காரின் விலை வந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். இந்தக் கணக்கு சரியா?

பதில்: தோராயமாகத் திசை காட்டுவதற்கு உதவும், விலை பேசுவதற்கு உதவாது. இந்தக் கணக்கில் பலர் செய்யும் பிழை, முதல் விலையிலிருந்தே ஆண்டுதோறும் 15 சதவீதத்தைக் கழிப்பது. அப்படிச் செய்தால் ஐந்தாண்டில் 25 சதவீதம்தான் மிஞ்சும். ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டின் மீதத்திலிருந்து கழிப்பதே முறை. அப்போது ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 44 சதவீதம் மிஞ்சும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

முறைப்படி கழித்தாலும், தேய்மானம் எல்லா ஆண்டும் ஒரே சீராக இருப்பதில்லை. ஷோரூமை விட்டு வெளியே வந்த முதல் ஆண்டில்தான் விலை மிகச் செங்குத்தாக இறங்குகிறது. பிறகு சரிவு மெல்ல மெல்லக் குறைகிறது. உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கைவைக்கத் தெரிந்த மாடல் மெதுவாக இறங்கும். விலை உயர்ந்த சொகுசுக் கார் வேகமாக இறங்கும், ஏனென்றால் வாங்கும் விலை பாதியாகிவிட்டாலும் பராமரிப்புச் செலவு பாதியாவதில்லை. உற்பத்தி நிறுத்தப்பட்ட மாடலானால் சரிவு இன்னும் கூடும்.

கணக்கை எந்தத் தொகையில் தொடங்குவது என்பதிலும் கவனம் தேவை. உரிமையாளர் அன்று கொடுத்த தொகைக்கும் இன்றைய மதிப்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அதே காரைப் புதிதாக இன்று என்ன விலைக்கு வாங்கலாம், தள்ளுபடி போக எவ்வளவு என்பதே அளவுகோல். புதிய காரின் விலையைத் தயாரிப்பாளர் குறைத்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை பழைய கார்களின் விலையும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். மாறாக, புதிய கார் கிடைக்கப் பல மாதம் காத்திருக்க வேண்டிய நிலை வந்தால் பழையது விலையேறும். 2021, 2022 ஆண்டுகளில் செமிகண்டக்டர் சில்லுத் தட்டுப்பாட்டால் புதிய கார் உற்பத்தி குறைந்தபோது உலகின் பல சந்தைகளில் இப்படித்தான் நடந்தது.

கேள்வி: ஓடோமீட்டரில் 38,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. அதை நம்பி விலை பேசலாமா?

பதில்: அந்த எண்ணை ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற சாட்சிகளையும் விசாரியுங்கள். டிஜிட்டல் மீட்டர் வந்தால் கிலோமீட்டரைத் திருத்த முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஒரு கருவியை இணைத்துச் சில நிமிடங்களில் எண்ணை மாற்றிவிட முடிகிறது என்பதே இன்றைய நிலை. ஆனால் மீட்டரை மாற்றுபவர் காரின் எல்லா இடங்களையும் மாற்றுவதில்லை.

முதலில் பெடல்களைப் பாருங்கள். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பரில் உள்ள வரிகள் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தாலோ, அல்லது பழைய காரில் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ, 38,000 என்ற எண்ணுக்கு விளக்கம் கேட்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு நசுங்கித் துணி வெளுத்திருக்கிறதா, ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளக்கிறதா, கியர் லிவரின் தலையில் எழுத்துகள் அழிந்துவிட்டனவா என்று கவனியுங்கள்.

அடுத்து டயர். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2321 என்று இருந்தால் அந்த டயர் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. காரின் உற்பத்தி ஆண்டுக்கு மிகப் பிந்தைய தேதியிட்ட டயர்கள் நான்கிலும் இருந்தால், முதல் டயர்கள் எப்போது, ஏன் மாற்றப்பட்டன என்று கேளுங்கள். பஞ்சராகிப் போயிருக்கலாம், தரக்குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் குறைந்த ஓட்டம் என்று சொல்லப்படும் காரில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட உறுதியானது சர்வீஸ் பதிவேடு. ஒவ்வொரு சர்வீஸின்போதும் தேதியும் கிலோமீட்டரும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்கள் சீராக ஏறிக்கொண்டே வர வேண்டும். மூன்றாம் ஆண்டில் 52,000 என்று பில்லில் இருந்து, ஐந்தாம் ஆண்டில் மீட்டர் 38,000 காட்டினால் மேற்கொண்டு பேச்சுக்கே இடமில்லை. பல கார்களில் என்ஜின், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் கிலோமீட்டரைத் தனியே பதிவு செய்து வைத்திருப்பதால், நல்ல ஸ்கேன் கருவி உள்ள மெக்கானிக் அதையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

இதோடு ஒன்று. குறைந்த கிலோமீட்டர் என்பதற்காகவே அதிக விலை கொடுத்துவிட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் நின்றுகிடந்த காரில் பேட்டரி செத்துப்போகும், டயர் வெடிப்பு விடும், ரப்பர் சீல்கள் காய்ந்துபோகும். நெடுஞ்சாலையில் சீராக 80,000 ஓடிய கார், நெரிசலில் முட்டிமோதி 40,000 ஓடிய காரைவிட நல்ல நிலையில் இருப்பது அரிதன்று.

கேள்வி: விபத்தில் சிக்கிய கார் என்பதை மெக்கானிக் அல்லாத ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பாதிக்குமேல் முடியும். பகல் வெளிச்சத்தில், கார் உலர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. கழுவி ஈரத்தோடு நிறுத்தி வைத்திருந்தால் உலரும்வரை பொறுத்திருங்கள். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா, கதவுகள் ஒரே ஓசையோடு மூடுகின்றனவா என்று பாருங்கள். கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கைச் சற்று விலக்கினால், மறுபடியும் பெயின்ட் அடித்த காரில் தெறித்த பெயின்ட் விளிம்பில் தெரியும். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அந்தப் பாகம் கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது.

பெயின்ட் தடிமனை அளக்கும் சிறு கருவி வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். மேலே இன்னொரு முறை அடித்திருந்தால் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். உள்ளே பட்டி பூசித் தேய்த்திருந்தால் பல நூறு மைக்ரானையும் தாண்டும்.

ஆனால் எல்லா விபத்தும் ஒன்றல்ல. கதவில் கீறல் விழுந்து ஒரு பக்கம் பெயின்ட் அடித்ததற்காகக் காரை ஒதுக்க வேண்டாம்; சிறிது விலை குறைத்தால் போதும். சேஸிஸ், தூண்கள், என்ஜினைத் தாங்கும் முன்பக்கச் சட்டம் ஆகியவற்றில் வெல்டிங் தெரிந்தால், அல்லது ஏர்பேக் விரிந்த பிறகு சரிசெய்யப்பட்ட கார் என்றால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதிருப்பதே என் பரிந்துரை. வெள்ளத்தில் மூழ்கிய காரும் அப்படியே. அதைக் கண்டுபிடிக்க இருக்கை பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். யாரும் சுத்தம் செய்ய நினைக்காத அந்தக் கடைசி முழத்தில்தான் சேற்றுக் கறை ஒளிந்திருக்கும்.

கேள்வி: விற்பவர் கூடுதலாக அலாய் வீல், மியூசிக் சிஸ்டம், தோல் இருக்கை உறை எல்லாம் போட்டிருப்பதாகச் சொல்லி விலையை உயர்த்துகிறார். கொடுக்கலாமா?

பதில்: உங்களுக்கு அவை தேவையென்றால் ஏதோ கொஞ்சம் கொடுக்கலாம். அவற்றுக்கு அவர் செலவழித்த பணம் சந்தை விலையில் ஏறாது. வெளிக்கடையில் வயரை வெட்டி இணைத்த சாதனங்கள் இருந்தால், அதை ஒரு குறையாகவே நான் எண்ணுவேன்.

கேள்வி: காரில் சில வேலைகள் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். அதை விலையில் எப்படிக் கழிப்பது? விற்பவர், 'பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்கிறார்.

பதில்: அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை ஒத்துக்கொண்டு பேசினால்தான் பேரம் நடக்கும்.

அதே வகை, அதே வயதுக் கார் நல்ல நிலையில் சந்தையில் 100 பங்கு விலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயர்களும் முடிந்துவிட்டன. புதிதாகப் போட 6 பங்கு ஆகும். முழு ஆறையும் கழிக்கக் கேட்பது முறையாகாது, ஏனென்றால் 100 பங்குக்குப் போகும் காரிலும் பாதி தேய்ந்த டயர்கள்தான் இருக்கும். எனவே 3 கழிக்கலாம். டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கெடு வந்துவிட்டது, மாற்றியதற்கான பில் இல்லை. இதற்கு 4 ஆகும் என்றால் நான்கையும் கழிக்கலாம். பெல்ட் அறுந்தால் பல வகை என்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜினே பாழாகும் என்பதால், பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட்டாகவே கருத வேண்டும். (சில என்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கும், அங்கே இந்தக் கழிவு வராது.) ஒரு கதவுக்கு டிங்கரிங், பெயின்ட் வேலை – 1. இவை போக, எவ்வளவு சோதித்தாலும் கண்ணில் படாத ஏதோ ஒன்றுக்காக 3. மொத்தம் 11 போக, நீங்கள் கொடுக்கத்தக்கது 89. விற்பவர் 97 கேட்டால், உங்கள் கையில் வாக்குவாதத்துக்குப் பதிலாக ஒரு கணக்கு இருக்கும்.

செலவு மதிப்பீட்டை வாய்வார்த்தையாக வாங்காமல், மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்காக அவர் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பலர் அங்கேதான் போகிறார்கள்.

சோதனைக்குப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். குளிர்ந்த என்ஜின்தான் தன் குறைகளைச் சொல்லும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று ஐயப்பட வேண்டும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பது மட்டும் போதாது. பிழைக் குறிகளை அன்று காலையில்தான் அழித்துவிட்டு வந்தார்கள் என்றால், ஸ்கேன் கருவியில் காரின் சுயசோதனைகள் பல இன்னும் முடியவில்லை என்று காட்டும். அப்படிக் காட்டினால் ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடியும் ஸ்கேன் செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒளிக்க எதுவும் இல்லாதவர் ஒத்துக்கொள்வார்.

கேள்வி: நல்ல காராக இருந்தால் அவர் ஏன் விற்கிறார் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் வீட்டாரின் கேள்வியைத்தான் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார், தகவல் சமமின்மை பற்றிய ஆய்வுகளுக்காக 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அவருடைய வாதம் இது: காரின் நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்லதற்கும் கெட்டதற்கும் இடைப்பட்ட ஒரு சராசரி விலையைத்தான் கொடுக்க முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க உரிமையாளருக்கு மனம் வராது. கெட்ட கார் வைத்திருப்பவர் மகிழ்ச்சியோடு விற்பார். இப்படியே போனால் சந்தையில் கெட்ட கார்களே மிஞ்சும்.

நடைமுறையில் அந்த அளவுக்கு மோசமாகாமல் காப்பவை பதிவேடுகளும் சோதனைகளும் உத்தரவாதங்களும்தான். குடும்பம் பெரிதாகிவிட்டது, வெளியூர் மாற்றல், வயதாகி ஓட்ட முடியவில்லை என்று நல்ல காரை விற்பதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. காரணத்தைக் கேளுங்கள், ஆனால் அதற்கு விலை கொடுக்காதீர்கள். பில்கள், பதிவேடு, சோதனை அறிக்கை ஆகிய மூன்றும் உள்ள காருக்கு வரம்பின் மேல்முனை விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

கேள்வி: பழைய மின்சாரக் காருக்கும் இதே முறைதானா?

பதில்: உடல், டயர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் இதே முறைதான். விலையில் பெரும்பங்கை நிர்ணயிப்பது பேட்டரி. புதிதாக இருந்தபோது கொண்ட மின்சாரத்தில் இன்று எத்தனை சதவீதம் கொள்கிறது என்பதை ஸ்கேன் கருவி மூலமோ தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்திலோ அறிக்கையாகப் பெற வேண்டும். டாஷ்போர்டு காட்டும் தூரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் அது அண்மையில் ஓட்டிய விதத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற அளவில் உத்தரவாதம் தருகிறார்கள். கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக அதில் நிபந்தனை இருப்பது வழக்கம். அந்த உத்தரவாதத்தில் எத்தனை ஆண்டு மீதமிருக்கிறது, அது அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் முடிந்த காரையும் இன்னும் நான்காண்டு உள்ள காரையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: சந்தை விலையைவிடக் கால்வாசி குறைவாக ஒரு கார் வந்திருக்கிறது. இன்றே முன்பணம் அனுப்பினால்தான் ஒதுக்கி வைப்பேன் என்கிறார் விற்பவர்.

பதில்: அனுப்பாதீர்கள். காரை நேரில் பார்க்காமல், காகிதங்களைச் சரிபார்க்காமல் கொடுக்கும் முன்பணம் திரும்பி வருவதில்லை.

உண்மையாகவே கார் இருந்து, விலை மட்டும் குறைவு என்றாலும் காரணம் ஒன்று இருக்கும். வாகன அடையாள எண்ணில் தொடங்குங்கள். அது 17 இடங்கள் கொண்டது. எண் ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. காரின் உடலில் பொறித்திருக்கும் எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஓர் எழுத்து பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பொறித்த இடத்தைச் சுற்றித் தேய்த்த அடையாளமோ புதுப் பெயின்டோ இருக்கக் கூடாது. பிறகு, காரின்மேல் கடன் நிலுவை இருக்கிறதா, அபராதம் பாக்கி உள்ளதா, காப்பீட்டு நிறுவனம் முழுச் சேதம் என்று கணக்கு முடித்த காரா என்று பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு ஆவணங்களிலும் பாருங்கள். நிலுவைக் கடன் இருந்தால், விலையில் அந்தப் பகுதியைக் கடன் கொடுத்தவருக்கே நேராகச் செலுத்திச் சான்று பெற்ற பிறகு மீதியை விற்பவரிடம் கொடுங்கள்.